ஏ. என். அதரைத் தேடிப் போனேன்

ஓதுவார் தமது வலது காலை என் முன்னால் நீட்டினார். வேட்டியை முழங்கால்வரை ஒதுக்கிவிட்டு, அந்தக் காலை இன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர்போல் குனிந்து பார்த்தார்.

“இந்தக் காலா தம்பி?”

“அதைத்தானேய்யா உங்களைக் கேக்கறேன். பந்தை எந்தக் காலால அடிப்பீங்க?”

“காலுன்னா இது காலுதான். அதுல சந்தேகமே இல்ல.”

கிள்ளான் கோவில் மடைப்பள்ளிக்குப் பின்புறம் இருவரும் மணை போட்டு உட்கார்ந்திருந்தோம். நடுப்பகல் தாண்டி ஒரு மணி நேரம் இருக்கும். உள்ளே புளிக்காய்ச்சல் கொதிக்கும் வாசனை மூக்கைத் துளைத்தது. அந்தக் காலிலோ ஒரு தழும்பு இல்லை, ஒரு கீறல் இல்லை. வெண்ணெய் தடவி வளர்த்த கால். பந்தாட்டக்காரன் கால் இப்படியா இருக்கும்? ஆனாலும் கையோடு கொண்டுபோன நோட்டுப் புத்தகத்தில் ‘வலது கால் – பார்த்தேன்’ என்று குறித்துக்கொண்டேன்.

வாசகர்கள் சிரிக்கவேண்டாம். சென்ற வாரம் நான் டைப்ரைட்டர் வாங்கிய கதையை எழுதினதற்கே செந்தூலிலிருந்து ஓர் அன்பர், “உமக்கு வேறு வேலை இல்லையா?” என்று கார்டு போட்டிருக்கிறார். இல்லை ஐயா. பென்ஷன் வாங்கிவிட்டேன், வேறு வேலை இல்லை. ஆகையால் கேளுங்கள்.

கைவைத்த நாற்காலி

அப்போது நான் கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். சரக்குப் பகுதியில் கிராணி உத்தியோகம். இந்த நாட்டில் குமாஸ்தாவுக்குக் கிராணி என்று பெயர். ஆபீஸில் எனக்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. “ஏய், ராஜு!” அவ்வளவுதான். கோவிந்தராஜுவின் முன்பாதியைக் கூப்பிடுவதற்கு ஒருவருக்கும் நேரமில்லை.

ஆனால் சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் நான் செக்ரட்டரி. எங்கள் தாமரை புட்பால் கிளப்பில் கைவைத்த நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. அதில் நான் உட்காருவேன். “செக்ரட்டரி வந்துட்டாரா?” என்று யாராவது வாசலில் கேட்கும்போது, வந்துவிட்டேன் என்று உடனே சொல்லாமல், இன்னொரு தடவை கேட்கட்டும் என்று சும்மா இருப்பேன். அற்பத்தனந்தான். இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு மனுஷனுக்கு ஒரு நாற்காலியாவது வேண்டாமா?

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது.

கிளப்புக்கு வெள்ளி விழா. எங்கள் பிரசிடெண்ட் தில்லையம்பலம், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர். தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. திருநீறு பூசாமல் ஃபைலைத் தொடமாட்டார். கிளப்பின் ஆரம்ப நாட்களில் அதிக ஆட்டம் ஆடியவர் எவரோ அவருக்குத் தங்கப் பதக்கம் என்று அவர் அறிவித்துவிட்டார். அது யார் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு செக்ரட்டரிக்கு.

பழைய மாட்ச் புத்தகங்கள் இரண்டு அலமாரியில் இருந்தன. பாதியைக் கறையான் தின்றிருந்தது. மீதியை நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தேன். அதிக ஆட்டம் யார் என்பதில் போட்டியே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ஒரே பெயர், ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தது: ஏ. என். அதர்.

என்ன ஆட்டக்காரன் ஐயா அவன்! ஒரு வாரம் கோல் காக்கிறான். அடுத்த வாரம் ரைட் பேக். அதற்கடுத்த வாரம் சென்டர் ஃபார்வர்டு. ஒருநாள் கிளப் ஆட்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆடியிருக்கிறார்கள். அதில் இரண்டு கட்சியிலும் ஏ. என். அதர்! ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று சமம். இரண்டு கோலையும் போட்டவன் ஏ. என். அதர்!

எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றைக்கே பத்தரிடம் ஓடிப்போய்ப் பதக்கத்தில் பெயரைப் பொறிக்கச் சொல்லிவிட்டேன். ஆளைத் தேடிவிட்டுப் பெயரைப் பொறித்திருக்கவேண்டும். என் அவசரபுத்தி, பெயரைப் பொறித்துவிட்டு ஆளைத் தேடினேன்.

ரவாங்கிலிருந்து ஒரு கடிதம்

ஆளை ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்தக் காலத்துச் செக்ரட்டரிகளில் ஒருவர் ஊருக்குப் போய்விட்டார். மற்றவர் மேலேயே போய்விட்டார். சுவரில் மாட்டியிருந்த குரூப் போட்டோக்களை இறக்கித் துடைத்து, கீழே எழுதியிருந்த பெயர்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஒன்றிலும் அதர் இல்லை. நாற்பது ஆட்டம் ஆடினவன் ஒரு போட்டோவுக்குக்கூடவா நிற்கவில்லை?

கண்ணில் பட்டவரையெல்லாம் கேட்டேன். திடலில் சுண்ணாம்புக் கோடு போடும் பெருமாளைக்கூட விடவில்லை. அவன் ரயில்வே கேங்கில் தண்டவாள வேலை செய்பவன். கிளப் தொடங்கிய நாளிலிருந்து சனி, ஞாயிறுகளில் புல் வெட்டி, கோடு போட்டு, கோல் கம்பத்தை நேராக்கி வைப்பான்.

“பெருமாள், ஏ. என். அதர்னு யாரையாச்சும் கேள்விப்பட்டிருக்கியா?”

அவன் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். “அப்படி யாரும் இங்க இல்லீங்களே, கிராணியையா.”

கமிட்டிக் கூட்டத்தில் தில்லையம்பலம் பதக்கப் பெட்டியைத் திறந்தார், மூடினார்.

“ஐசே கோவிந்தராசு! மெடல் இருக்கு, பேர் இருக்கு, ஆள் எங்கை? விழா அண்டைக்கு அந்த ஆள் மேடையிலை நிக்கோணும். இல்லையெண்டால் அலுமாரித் திறப்பை மேசையிலை வைச்சுப்போட்டு நீர் வீட்டை போம். விளங்கிச்சுதோ?”

விளங்கிவிட்டது. திறப்பு என்றால் அவர்கள் பக்கத்தில் சாவி. சாவி போனால் நாற்காலி போச்சு. நாற்காலி போனால் நான் இருபத்துநாலு மணி நேரமும் ‘ஏய், ராஜு’தான்.

கடைசியில் இங்கே நடந்துவந்த ஒரு தமிழ் வாரப் பத்திரிகையின் காலைப் பிடித்தேன். அதில் ‘இவர் யார்?’ என்று புதிர்ப் பகுதி ஒன்று உண்டு. அதில் போட்டார்கள்: ‘கோல் காத்தவர், கோல் போட்டவர், ஒரே நாளில் இரு கட்சிக்கும் ஆடியவர், எந்தப் படத்திலும் இல்லாதவர். பெயர் ஏ. என். அதர். இவர் யார்? எங்கே இருக்கிறார்?’

கடிதங்கள் வந்து குவிந்தன. அதர் தமது தாய்மாமன் என்று ஒருவர். அதர் இரண்டு பேர், இரட்டைப் பிள்ளைகள், அதனால்தான் இரண்டு கட்சியிலும் ஆட முடிந்தது என்று ஒருவர். ரவாங்கிலிருந்து ஓர் அம்மாள் எழுதியிருந்தார்: ‘எந்தப் படத்திலும் இல்லாதவர் என்று போட்டிருக்கிறீர்கள். அவர் என் புருஷனாகத்தான் இருக்கவேண்டும். கல்யாணப் படம் எடுக்கும்போதும் அவரைக் காணோம். இடது காதில் மரு இருந்தால் உடனே வீட்டுக்கு அனுப்பவும். திட்டமாட்டேன்.’

இந்தக் கடைசிக் கடிதத்தை என் மனைவி செண்பகம் வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

“ஏங்க, பாவங்க அந்தம்மா. உங்க பதக்கம் கெடக்குது, மொதல்ல இவங்க புருஷனைத் தேடிக் குடுங்க” என்றாள்.

தூத்துக்குடி நியாயம்

‘அதர்’ என்றால் ஆங்கிலத்தில் ‘மற்ற’ என்று அர்த்தம், அதுகூட உமக்குத் தெரியாதா என்று படித்தவர்கள் கேட்பீர்கள். தெரியும் ஐயா. நானும் ஏழாவது ஸ்டாண்டர்டு பாஸ் செய்தவன். ஆனால் பெயருக்கு அர்த்தம் பார்த்தால் நடக்குமா? எங்கள் ஆபீஸ் துரையின் பெயருக்குத் தமிழில் தையற்காரன் என்று அர்த்தம். சட்டைப் பொத்தான் அறுந்தால் அவர் பியூனைத்தான் கூப்பிடுவார்.

தவிர, எழுதுகிறவன் கையில் நம் பெயர் என்ன பாடு படும் என்பது எனக்குத் தெரியும். என் தகப்பனார் கப்பலை விட்டு இறங்கியபோது, பெயர் என்ன என்று துறைமுகத்தில் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு இருமல். ஒரு தடவை இருமிவிட்டு, “குப்புசாமி” என்றிருக்கிறார். எழுதினவன் இருமலையும் சேர்த்து எழுதிவிட்டான். சாகும்வரை அவர் காகிதங்களில் ‘ஹக் குப்புசாமி’தான். எனக்கும் ‘எச்’ என்று ஒரு இனிஷியல் அந்த வழியாக வந்தது. அதைப் பெருமையோடு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்த வழியில்தான் தில்லையம்பலத்தின் மூளையும் ஓடியிருக்கிறது. ஒரு நாள் காலை ஆறு மணிக்கு என் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினார்.

“ஐசே! அது அதர் இல்லை. இங்கிலீசு எழுத்தைப் பாரும். ஓவன்னாவிலை தொடங்குது, நடுவிலை ‘து’ வருது, முடிவிலை ‘ர்’. ஓ... து... வா... ர்! ஓதுவார்!”

நான் பல்பொடியும் கையுமாக நின்றேன்.

“தூத்துக்குடியை டூட்டிகோரின் எண்டு எழுதினவன், திருச்சிராப்பள்ளியைத் திருச்சினாப்போலி எண்டு எழுதினவன், ஓதுவாரை அதர் எண்டு எழுதமாட்டானோ?”

எழுதுவான்! சத்தியமாக எழுதுவான்! அடியேன் அப்படியே விழுந்துவிட்டேன். அவர் இதோடு நிற்கவில்லை. கிள்ளான் கோவிலில் தேவாரம் பாடும் ஓதுவாரின் முழுப் பெயரையும் விசாரித்துவிட்டு வந்திருந்தார்: அம்பலவாணர் குமாரர் நடராச ஓதுவார்.

“ஏ. என். ஓதுவார்” என்றேன்.

“சிவ சிவா” என்றார் தில்லையம்பலம்.

இப்படித்தான் நான் அடுத்த ரயிலில் கிள்ளானுக்குப் போய், மடைப்பள்ளிக்குப் பின்புறம் உட்கார்ந்து, ஒரு பெரியவரின் வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஐயா, நீங்க ஒருநாள் ரெண்டு கட்சிக்கும் ஆடினதா எழுதியிருக்கு.”

“எனக்குக் கட்சி பேதம் கிடையாது தம்பி.”

“பந்து ஆடினது ஞாபகமிருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க.”

ஓதுவார் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமா மூணு காலமும் பாடறேன். ஒருத்தரும் ஒரு துண்டு போத்தினதில்ல. நீ தங்கப் பதக்கத்தோட வந்திருக்கே. நான் ஆடலைன்னு எப்படித் தம்பி வாயால சொல்றது?”

ஆடவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாததுபோல் இருந்துகொண்டேன். எனக்கு நாற்காலி வேண்டும், அவருக்கு ஒரு துண்டு வேண்டும். வழக்கு அங்கேயே முடிந்தது.

செண்பகம்தான் விடவில்லை. ஓதுவார் ஒருதரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டுப் போனதும், “அவரு எங்கங்க பந்தை உருட்டறது? பந்துதான் அவரை உருட்டும்” என்றாள்.

உட்கார்ந்தபடி

விழாவன்று திடலில் நல்ல கூட்டம். மரத்தடி முழுக்கக் குடை. கச்சான் கடலை விற்பவரும் ஐஸ் தண்ணீர்க்காரரும் போட்டி போட்டுக்கொண்டு கூவினார்கள். பதக்கம் கொடுத்து முடிந்ததும், பழைய ஆட்டக்காரர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஒரு பந்தயம் என்று ஏற்பாடு. பழைய ஆட்டக்காரர் பட்டியலை எழுதியவன் நான். ஆகவே அதில் லெப்ட் அவுட்டாக, அதாவது இடது ஓரத்து ஆட்டக்காரனாக, நானும் இருந்தேன். என் ஆட்டத்தைப் பற்றி நானே சொல்வது அழகல்ல. மற்றவர்கள் சொன்னது அதைவிட அழகல்ல. அதற்கென்றே பத்து ரோடு கடைத்தெருவில் புதுப் பூட்ஸ் வாங்கியிருந்தேன். காலையிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

பிரதம விருந்தாளி ஒரு பழைய எஞ்சினியர் துரை. ஆரம்ப காலத்தில் எங்கள் ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாக நின்றவராம். வடக்கே எங்கோ பல வருஷம் இருந்துவிட்டு அந்த மாதந்தான் திரும்பியிருந்தார். இந்த விவரம் எனக்கு மேடையில்தான் தெரிந்தது. பழைய ஆட்டக்காரர் முகமெல்லாம் இவருக்குத் தெரிந்திருக்குமே!

ஓதுவார் சரிகை வேட்டி, உருத்திராட்சம், நெற்றி நிறையத் திருநீறு சகிதம் படியேறினார். மேடை ஒருமுறை முனகியது. துரை அவரை மேலும் கீழும் பார்த்தார். எந்த இடத்தில் ஆடினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“எந்த இடத்துல ஆடினீங்கன்னு கேக்கறாரு” என்று நான் ஓதுவார் காதில் சொன்னேன்.

அவர் பயத்தில் கோவில் ஞாபகத்துக்குப் போய்விட்டார். “சந்நிதிக்கு வலது கைப்புறம். உட்கார்ந்தபடி.”

நான் துரையிடம் திரும்பி, “கோல் கீப்பர், சார்” என்றேன்.

துரை தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்து பதக்கத்தை எடுத்தார். பெயரைப் படித்தார். மறுபடி படித்தார். அவர் முகம் சிவந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கினதும் விளக்கினார். ஆட்டத்துக்கு முந்தி ஆட்டக்காரர் பட்டியல் எழுதும்போது, பதினோராவது ஆள் இன்னார் என்று முடிவாகாவிட்டால், அந்த இடத்தில் வேடிக்கையாக ஏ. என். அதர் என்று எழுதி வைப்பது அவர்கள் வழக்கமாம். நடுவில் இருக்கும் புள்ளிகளை எடுத்துவிட்டுச் சேர்த்துப் படித்தால் ‘அனதர்’. அதாவது, இன்னொருத்தன். அப்படி ஒரு மனிதனே கிடையாது.

நான் இதைத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். முதலில் ஐஸ் தண்ணீர்க்காரர் சிரித்தார். அவ்வளவுதான், திடலே சிரித்தது. தில்லையம்பலம் என்னைப் பார்க்காமல் உள்ளங்கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். சாவியைக் கேட்கிறார். பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டோமா என்றிருந்தது எனக்கு. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தேன்.

இன்னொருத்தன்

அப்போதுதான் ஓதுவார் வாயைத் திறந்தார். பாடிப் பழகிய குரல்; மரத்தடிவரை கேட்டது.

“கொஞ்சம் இருங்க. நான் இல்லைங்கறது எனக்கு மொதல்லயே தெரியும். அந்தப் பேர்ல யாருமே இல்லைன்னு இப்போ துரை சொல்றார். சரி. ஆனா புஸ்தகத்துல கோல் விழுந்திருக்கே? பேரா வந்து கோல் போட்டுது? பட்டியல்ல இன்னொருத்தன்னு எழுதினா, திடல்ல இன்னொருத்தன் வந்து நின்னிருக்கணுமா இல்லையா? அவன் யாரு?”

சிரிப்பு நின்றது. துரை என்னைப் பார்த்தார்; மொழிபெயர்த்தேன். அவர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டார். ரெஃப்ரியாக நின்றவருக்கே தெரியவில்லை.

ஆட்டம் நடக்கும்போதெல்லாம் திடலில் இருந்தவன் யார்? எந்தக் கிராணி வரவில்லையோ அந்த இடத்தில் உடனே இறங்கக்கூடியவன் யார்? மேடையை விட்டு இறங்கி ஓடினேன். புதுப் பூட்ஸ் வழுக்கியது. மூலைக் கொடிக்குப் பக்கத்தில் பெருமாள் குந்தியிருந்து, கூட்டம் மிதித்த கோட்டுக்குத் திரும்பச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்தான்.

“பெருமாள்! அந்தக் காலத்துல ஆளு கொறஞ்சா யாருப்பா ஆடுவா?”

“நான்தாங்க.”

“எத்தனை தடவை ஆடியிருப்பே?”

“அத யாருங்க எண்ணுனா? எந்தக் கிராணி வரலையோ, அவரு எடத்துல எறங்கச் சொல்வாங்க. எறங்குவேன்.”

“ரெண்டு கட்சிக்கும் ஒரே நாள்ல ஆடினது?”

அவன் முகம் மலர்ந்தது. “மழ ஊத்துன அன்னிக்குங்களா? மொதப் பாதி வெள்ளச் சட்ட கட்சிக்கு ஆடுனேன், ரெண்டாம் பாதி செவப்புச் சட்டக்கு. ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு போட்டேங்க. ரெண்டு பக்கமும் வஞ்சாங்க.”

“அடப்பாவி! நான் வந்து கேட்டேனே, ஏன்யா சொல்லல?”

“நீங்க ஏதோ பேரச் சொல்லித்தானே கேட்டீங்க? அந்தப் பேரு எனக்குத் தெரியாதுங்களே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவன் கையைப் பிடித்து இழுத்தேன். ஒன்பது வருஷமாக வாரம் தவறாமல் பார்த்த முகம். ஒருநாளாவது, நீ ஆடுவாயா என்று கேட்டிருக்கிறேனா? ‘பெருமாள், கோடு கோணல்’ என்பதைத் தவிர அவனிடம் நான் வேறென்ன பேசியிருக்கிறேன்?

சுண்ணாம்புக் கையோடு மேடையேறினான். துரை அவனை உற்றுப் பார்த்து, அந்த வெறுங்காலைப் பார்த்து, “மை காட்!” என்றார். காலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பதக்கத்தை அவரே குத்திவிட்டார். ஓதுவாருக்கென்று வாங்கிவைத்திருந்த பட்டுத் துண்டை ஓதுவாரே எடுத்துப் பெருமாளுக்குப் போர்த்தப் போனார். பெருமாள் பதறிப்போய் அதை அவர் தோளிலேயே திருப்பிப் போட்டான். கூட்டம் கைதட்டியது. ஓதுவாருக்கும் ஆசை தீர்ந்தது.

தில்லையம்பலம் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “ஐசே, ஆளைக் கொண்டந்திட்டீர். திறப்பு உம்மட்டையே இருக்கட்டும்” என்றார். நாற்காலி தப்பியது. நான் குதித்திருக்கவேண்டும். ஏனோ குதிக்கத் தோன்றவில்லை.

பந்தயத்துக்கு மணி அடித்தது. இரண்டு பக்கமும் பதினொருவர் இறங்கினோம். பெருமாள் மேடையிலிருந்து இறங்கி, பதக்கத்தைக் கழற்றிப் பத்திரமாக வேட்டி முடிச்சில் செருகிக்கொண்டு, நேரே என்னிடம் வந்தான். பழக்கதோஷம்.

“கிராணியையா, இன்னிக்கு எந்தப் பக்கங்க ஆளு கொறையுது?”

எண்ணிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பதினொன்று. இந்தப் பக்கம், என்னையும் சேர்த்து, பதினொன்று.

“எங்க பக்கந்தான் பெருமாள். லெப்ட் அவுட் வரல” என்று சொல்லிவிட்டு, கோட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன்.